கொழுக்கட்டைப் புல்லை இனங்காணுதல்: நெல்லைச் சீமையின் மானாவாரி நிலங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி பக்கத்துச் செம்மண் தரிசுகளில் ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாக இறங்கிவிட்டால், பத்துப் பதினைந்து நாளில் தரை முழுவதும் பச்சை பிடித்துவிடும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது ஒரே புல்லாகத் தெரியும். குனிந்து பார்த்தால் அதற்குள் பல வகைகள் கலந்து கிடப்பதும், அவற்றில் பெரும்பாலானவை தை பிறப்பதற்குள் விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகிற ஓராண்டுப் புற்கள் என்பதும் விளங்கும். மிகச் சிலவே வேரோடும் தூரோடும் கோடையைத் தாண்டி, அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி துளிர்க்கின்றன. ஆடு மாடு வைத்திருப்பவருக்கு அந்தச் சிலவற்றுள் மிகவும் வேண்டப்பட்டது கொழுக்கட்டைப் புல்.

இதன் தாவரவியல் பெயர் சென்க்ரஸ் சிலியாரிஸ். 1771இல் லின்னேயஸ் இட்ட பெயர் அது. சில நூல்களில் பெனிசெட்டம் சிலியாரே என்றும் இருக்கும். இரண்டும் ஒரே புல்தான். ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா ஆகிய நிலப்பரப்புகளின் வறண்ட பகுதிகளுக்கு இது சொந்தப் புல். நம் கம்புக்கு நெருங்கிய உறவும்கூட. கம்பும் அதன் கூட்டமும் 2010க்குப் பிறகு சென்க்ரஸ் என்ற இதே பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. கம்பங்கதிரையும் கொழுக்கட்டைப் புல்லின் கதிரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த உறவு கண்ணுக்கே தெரியும்.

இதை நான் கவனமாகப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு நட்டம் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மானாவாரி நிலத்தில் மூன்று குறுக்கத்தை மேய்ச்சலுக்கு ஒதுக்கி, ஒரு கடையில் கொழுக்கட்டைப் புல் விதை என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி விதைத்தேன். முதல் கார்த்திகையில் இடுப்பளவுக்குப் பஞ்சு பஞ்சாகக் கதிர் வாங்கி நின்றது. ஊரே வந்து பார்த்தது. பங்குனியில் எல்லாம் காய்ந்தது. அடுத்த ஆண்டு மழைக்குப் பழைய தூர் ஒன்றுகூடத் தளிர்க்கவில்லை. முளைத்தவை அனைத்தும் உதிர்ந்த விதையிலிருந்து வந்த புதுக் கன்றுகள். அது தீனாநாத் புல் என்ற ஓராண்டுத் தீவனப் புல் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த விதையைக் கையில் வாங்கிய அன்றே ஒரு லென்ஸை வைத்துப் பார்த்திருந்தால் வேற்றுமை தெரிந்திருக்கும். அந்த வேற்றுமையைக் காண்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தேடுவதற்கு ஏற்ற காலம்

கார்த்திகை நடுவிலிருந்து தை முடிய உள்ள இரண்டரை மாதம் மிகச் சிறந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கிழக்குப் பகுதியில் அப்போதுதான் கதிர், இலை, பழைய தூர் மூன்றும் ஒரே செடியில் ஒருசேரக் கிடைக்கும். கதிர் இல்லாத புல்லை வைத்து உறுதியாகப் பெயர் சொல்ல முயலவே கூடாது. சித்திரை, வைகாசியில் கோடைமழை கிடைத்தால் சில தூர்கள் அப்போதும் கதிர் தள்ளும். ஆடிக்காற்று வீசும் நாட்களில் முற்றிய கதிர்கள் மொட்டையாகிவிடுவதால் அந்தக் காலம் பயன்படாது.

கொண்டு செல்ல வேண்டியவை கொஞ்சம்தான். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், களைகொத்தி, மில்லிமீட்டர் குறித்த அளவுகோல், ஒரு வெள்ளைத்தாள், பழைய செய்தித்தாள், குறிப்பேடு. லென்ஸ் இல்லாமல் போனால் பாதி வேலைதான் நடக்கும்; அதை மட்டும் மறக்கக் கூடாது.

முதற்படி: புல்லா, கோரையா?

இது பலர் தாண்டிப் போய்விடுகிற படி. பத்தமடைப் பாய்க்குக் கோரை தருகிற சீமை இது. ஆற்றங்கரையிலும் குளத்துப் பிடிப்பிலும் நீண்ட இலையோடு நிற்பதையெல்லாம் புல் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். தண்டை விரல்களுக்கு இடையில் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணமாக, கணு இல்லாமல், உள்ளே சோற்றுடன் இருக்கும். உருட்டினால் மூன்று விளிம்பும் விரலில் தட்டும். புல்லின் தண்டு உருண்டையாகவோ சற்றே தட்டையாகவோ இருக்கும். கணுக்கள் தெளிவாகத் தெரியும். புல்லில் இலைகள் தண்டின் இரு பக்கமாக மாறி மாறி வரும். கோரையில் மூன்று பக்கமாக வரும். கணு இருந்து, இலை இரு வரிசையாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: தூரைத் தோண்டிப் பார்த்தல்

கதிர் கண்ணைக் கவர்வதால் எல்லாரும் அதையே முதலில் பிடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை மூலைக்கரைப்பட்டிக்கு வடக்கே ஒரு பொத்தையின் (சிறு பாறைக்குன்றின்) அடிவாரத்தில் குனிந்து கதிர்களைப் பறித்துக்கொண்டிருந்தபோது, செம்மறிகளை ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கதிரப் பாத்து ஏமாறாதிய தம்பி, தூரப் பாருங்க" என்றார். "எப்படிப் பாக்கணும் அண்ணாச்சி?" என்றதும், தம் கையிலிருந்த தொரட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தூரை விரல்களால் விரித்துக் காட்டினார். வெளிப்புறத்தில் பச்சைத் தண்டு. அதற்கு உள்ளே வெளிறிய வைக்கோல் நிறத்தில் சென்ற ஆண்டின் தாள். அதற்கும் உள்ளே, தொட்டால் பொடியாகிற கறுத்த கட்டை. "இது போன வருசத்துது, இது அதுக்கு முந்துன வருசத்துது" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். ஒரு பல்லாண்டுப் புல்லை அறிவதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குப் பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

அவர் காட்டியதை நீங்களும் செய்து பார்க்கலாம். முதலில் தூரைக் கையால் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். ஓராண்டுப் புல்லாக இருந்தால், மழை ஈரத்தில், சல்லிவேர் முழுவதும் மண்ணோடு கையில் வந்துவிடும். கொழுக்கட்டைப் புல்லின் தூர் அசையாது. இன்னும் இழுத்தால் தாள்தான் அறுந்து வரும். அதன் வேர்கள் ஆழமான மண்ணில் 2 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியவை. ஆகவே களைகொத்தியால் ஒரு பக்கம் மட்டும் மண்ணை விலக்கி, தண்டின் அடியைப் பார்க்க வேண்டும். அடிக்கணுக்கள் முழங்கால்போல் மடங்கி மேலே எழுந்திருக்கும்; தண்டின் அடிப்பாகம் சிறு வெங்காயத்தின் கழுத்துப்போலச் சற்றே பருத்து, கட்டியாக இருக்கும். அந்தப் பருத்த அடியில்தான் செடி தன் உணவைச் சேமித்து வைக்கிறது. கோடையில் மேலே எல்லாம் காய்ந்து போனாலும், கால்நடைகள் தரையோடு கறம்பிவிட்டாலும், அந்தச் சேமிப்பை வைத்து மறுபடி எழுகிறது. சில தூர்களில் மண்ணுக்கடியில் கிடையாக வளரும் குட்டையான மட்டத்தண்டும் பக்கவாட்டில் ஓடும்.

பார்த்து முடித்ததும் விலக்கிய மண்ணை மறுபடி அணைத்து மிதித்துவிட வேண்டும். அடையாளம் காண்பதற்காக ஒரு தூரை முழுதாகப் பிடுங்க எந்தத் தேவையும் இல்லை.

மூன்றாம் படி: இலையும் இலைநாக்கும்

இலைத்தாள் 3 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளம், 2 முதல் 13 மில்லிமீட்டர் வரை அகலம் இருக்கும். நுனி நோக்கி மெலிந்து போகும். நிறம் பச்சையிலிருந்து நீலம் கலந்த பச்சை வரை மாறுபடும். இந்த அளவுகள் எல்லாம் வேறு பல புற்களுக்கும் பொருந்துவதால், இலையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. பார்க்க வேண்டியது இலைநாக்கை. தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையும் விரிந்த இலைத்தாளும் சேரும் மூட்டில், உட்புறமாக, இலையைப் பின்னால் மடக்கிப் பிடித்து லென்ஸை வைத்தால் அது தெரியும். சில புற்களில் அது கண்ணாடித்தாள் போன்ற சவ்வாக இருக்கும். கொழுக்கட்டைப் புல்லில் சவ்வு இராது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள நுண்மயிர்கள் வரிசையாக, கண்ணிமைபோல நிற்கும்.

அத்துடன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிடுவது நல்லது. பொத்தைச் சரிவுகளில் வளரும் சுக்குநாறிப் புல்லும் தூர் கட்டுகிற பல்லாண்டுப் புல்தான். கதிர் வராத நாளில் தூரத்திலிருந்து பார்த்தால் மயங்க இடமுண்டு. கசக்கியதும் எழும் நெடி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கொழுக்கட்டைப் புல்லுக்கு அப்படி எந்த வாசனையும் இல்லை.

நான்காம் படி: கதிரும் மயிர்க்கற்றையும்

இதுவே முடிவு சொல்லும் படி. இதற்கு நிழலில் உட்கார்ந்து நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கதிர் தண்டின் நுனியில் ஒற்றையாக, உருளையாக, அணில்வால் போல நிற்கும். நீளம் 2 முதல் 14 சென்டிமீட்டர், அகலம் 1 முதல் 2.5 சென்டிமீட்டர். வைக்கோல் நிறம், சாம்பல் நிறம், கருஞ்சிவப்பு, ஊதா என்று செடிக்குச் செடி நிறம் மாறும். நிறத்தை வைத்து வகை பிரிக்கக் கூடாது. இதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்தப் புல்லில் பெரும்பாலும் கருவுறுதல் நடக்காமலே விதைக்குள் கரு உருவாகிவிடுகிறது. ஆகவே விதையிலிருந்து வரும் செடி தாயை அப்படியே ஒத்திருக்கும். ஊதாக் கதிர்த் தாய்க்கு ஊதாக் கதிர்ப் பிள்ளை, குட்டைத் தாய்க்குக் குட்டைப் பிள்ளை என்று தலைமுறைதோறும் தொடர்வதால், ஒரே தரிசில் நான்கைந்து சாயல்கள் கலவாமல் தனித்தனியே நிற்பதைக் காணலாம். அவை அனைத்தும் கொழுக்கட்டைப் புல்லே.

இப்போது முற்றிய கதிர் ஒன்றை அடியில் பிடித்து, மறு கையின் இரண்டு விரலால் நுனி நோக்கி உருவ வேண்டும். முழு முழுக் கற்றைகளாக உதிரும். உதிர்ந்த பின் எஞ்சும் நடுத்தண்டு நேராக இல்லாமல் அலை அலையாக வளைந்திருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மயிர்கள் எதுவும் நடுத்தண்டில் தங்கியிராது. இது மிக முக்கியமானது, ஏன் என்பதைச் சற்றுக் கீழே சொல்கிறேன்.

உதிர்ந்த கற்றைகளில் ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்து லென்ஸால் பார்க்கும்போது முதலில் தெரிவது, ஒன்றுக்கொன்று பின்னிய மயிர்களின் ஒரு சிறு கூடு. கூட்டுக்குள் ஒன்று முதல் நான்கு வரை சிறுகதிர்கள் இருக்கும், தானியம் அவற்றுக்குள்தான். மயிர்கள் இரண்டு வட்டமாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். வெளிவட்டத்து மயிர்கள் நூல்போல மெல்லியவை, குட்டையானவை. உள்வட்டத்தவை நீளமானவை, நெளிந்தவை. அவற்றின் கீழ்ப்பாதியின் இரு ஓரங்களிலும் இறகுபோல நுண்மயிர்கள் வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட நீண்டு தனித்துத் தெரியும். கற்றையின் மொத்த நீளம் 6 முதல் 16 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

அடுத்து, கற்றையைத் திருப்பி அதன் அடியைப் பார்க்க வேண்டும். ஊசி முனையால் மயிர்களை மெல்ல விரித்தால், உள்வட்டத்து மயிர்கள் அடியில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மில்லிமீட்டர் அளவில் சிறு வட்டத் தட்டாக அமைந்திருப்பது தெரியும். இந்தத் தட்டு கொழுக்கட்டைப் புல்லின் முத்திரை. தீனாநாத் புல்லில் இது இராது. அங்கே மயிர்கள் அடிவரை தனித்தனியே பிரிந்திருக்கும். நான் வாங்கிய விதையில் பார்க்கத் தவறியது இதைத்தான்.

ஐந்தாம் படி: ஒத்த புற்களை விலக்குதல்

நம் பகுதியில் மயக்கம் தரக்கூடியவற்றை, எனக்கு வயலில் எதிர்ப்பட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

மிக நெருங்கியது இதே பேரினத்தைச் சேர்ந்த சென்க்ரஸ் செட்டிஜெரஸ். ஊரில் அதற்கும் கொழுக்கட்டைப் புல் என்றே பெயர். அதுவும் பல்லாண்டுப் புல், அதுவும் நல்ல தீவனம். எனவே மேய்ச்சலுக்கு என்று மட்டும் பார்ப்பவர் இரண்டையும் பிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்பவர் பிரித்தே ஆக வேண்டும். அதன் கதிர் மெலிந்தது, மயிரின் பஞ்சுத்தன்மை அற்றது, பார்வைக்கு மொட்டையாக இருக்கும். கற்றை 3 முதல் 7 மில்லிமீட்டர்தான். உள்வட்டத்து மயிர்கள் தட்டையாக, விறைப்பாக, நிமிர்ந்து நிற்கும். ஓரத்தில் இறகு மயிர் இராது. அவை அடியில் மட்டும் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி உயரம் வரை ஒட்டி, தட்டாக அல்லாமல் சிறு கிண்ணமாக அமைந்திருக்கும். தட்டா, கிண்ணமா என்று பார்ப்பதே இவ்விரண்டையும் பிரிக்கும் வழி.

மூன்றாவது உறவு சென்க்ரஸ் பைஃப்ளோரஸ். தேரிக்காட்டு மணலில் நடந்து வந்தவர்களின் வேட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற முள்ளுருண்டைகளில் இதுவும் ஒன்று. இது ஓராண்டுப் புல். இதன் கற்றையில் இருப்பவை மயிர்கள் அல்ல, முட்கள். அவற்றின் மேலுள்ள நுண்பற்கள் கீழ்நோக்கிச் சாய்ந்தவை. கொழுக்கட்டைப் புல்லின் கதிரை அடியிலிருந்து நுனிக்கு வருடினால் வழுவழுப்பாகவும், நுனியிலிருந்து அடிக்கு வருடினால் சொரசொரப்பாகவும் இருக்கும். பைஃப்ளோரஸில் இது தலைகீழ். அடியிலிருந்து மேலே வருடும் விரலில் முள் ஏறிவிடும். எனவே ஐயமுள்ள கதிரை முதலில் துணியில் தேய்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

காட்டுத்தினை வகைகள் இன்னொரு குழப்பம். அவற்றுக்கும் மயிர் நிறைந்த உருளைக் கதிர் உண்டு. ஆனால் தானியம் உதிர்ந்த பிறகும் மயிர்கள் நடுத்தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுக்கட்டைப் புல்லில் மயிரும் தானியமும் கற்றையாகச் சேர்ந்தே உதிர்வதை முன்பே பார்த்தோம். கதிரை உருவிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரே நொடியில் முடிகிற சோதனை.

தீனாநாத் புல்லின் கதிர் இன்னும் பருமனானது, நுரைபோல அடர்ந்த பஞ்சு மயிர் கொண்டது, இலையும் அகலம். அடித்தட்டு இல்லாமையும், பழைய தூர் இல்லாமையும் சேர்ந்து அதை விலக்கிவிடும். மயில்கொண்டைப் புல், அருகு முதலியவற்றின் கதிர்கள் விரல்களாகப் பிரிவதால் குழப்பமே இல்லை. ஊசிப்புல்லின் கதிரில் நீண்டு முறுக்கிய கறுத்த வால்கள் இருப்பதால் அதுவும் எளிதில் பிரிந்துவிடும்.

நீலக் கொழுக்கட்டைப் புல் என்று ஒன்றை வேளாண் துறையினர் சொல்லக் கேட்டிருக்கலாம். சென்க்ரஸ் கிளாக்கஸ் என்ற பெயரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்ற ரகமாக வெளியிட்டது அது. இலையும் தண்டும் நீலம் பூத்திருக்கும். விதைத்து வளர்த்த நிலங்களிலும் அவற்றின் அக்கம்பக்கத்திலும் இதைப் பார்க்க நேர்ந்தால், தானாக வளர்ந்த புல்லோடு சேர்த்து எழுதாமல், விதைக்கப்பட்டதா என்பதை நிலத்துக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: வாழிடத்தைப் படித்தல்

திருநெல்வேலிச் சீமை என்று நான் சொல்வது பழைய பெரிய மாவட்டத்தை; 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களானாலும், மண்ணும் மேய்ச்சலும் அந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. இந்தச் சீமைக்குள் மேற்கே மலை, நடுவில் தாமிரபரணிப் பாசன வயல், கிழக்கிலும் தெற்கிலும் செம்மண், தேரி, கரிசல் என்று நிலம் சட்டென்று மாறிக்கொண்டே போகும். மலைக்காட்டுப் புல்வெளிகளும் நெல்வயல் வரப்புகளும் நம் புல்லுக்கு உரிய இடங்கள் அல்ல. தண்ணீர் பல நாள் தேங்கி நிற்கும் இடத்தில் கொழுக்கட்டைப் புல் அழுகிவிடும். அடர்ந்த நிழலையும் அது தாங்காது. குளத்தின் உட்பிடிப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே குளத்தின் கரைமேட்டில், சரள் கலந்த வெளிச்சரிவில் பார்க்கலாம்.

அதற்குப் பிடித்தது வடிகால் உள்ள செம்மண், மணல் கலந்த செவ்வண்டல், சரள்மண் சரிவு. நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம், கயத்தாறு, ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரித் தரிசுகளில் தேடத் தொடங்குவது நல்லது. உடைமரமும் வெள்வேலும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும் நிலம், பனைவிளைகளின் ஓரம், பொத்தைகளின் அடிவாரம் ஆகியவை நல்ல அடையாளங்கள். சீமைக்கருவேலம் அடைத்துவிட்ட இடத்தில் அதன் நிழலுக்கு வெளியே உள்ள விளிம்பை மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் மண்ணைவிட மேய்ச்சலே இந்தப் புல் இன்று எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. கீழக்கரிசல், வேம்பூர் செம்மறிகளும், கன்னி ஆடும், கொடி ஆடும் மேய்கிற சீமை இது; ஆட்டுக்கு இந்தப் புல் இனிப்பு. திறந்த புறம்போக்கில் அது கதிர் வாங்குகிற உயரத்துக்கு வரவே முடியாமல், தரையோடு தரையாக, காசு அகலத்துக்குக் கடிபட்ட தூராக இருக்கும். அதைக் கடந்து போகிறவர் இங்கே கொழுக்கட்டைப் புல் இல்லை என்று எழுதிவிடுவார். எனவே ஆடு வாய் வைக்க முடியாத இடங்களைத் தேட வேண்டும். இலந்தைப் புதருக்குள், சூரைப் புதருக்குள், கற்குவியல்களின் இடுக்கில், வேலி போட்ட கல்லறைத் தோட்டத்துக்குள், காற்றாலைகளைச் சுற்றி அடைத்த வேலிக்குள், தண்டவாளத்தை ஒட்டிய மேட்டில் எல்லாம் அது முழு உயரத்தில், முழுக் கதிரோடு நிற்பதைப் பார்க்கலாம். முள்ளுக்குள் நிற்கும் ஒரு தூரைக் கண்டால், அதைச் சுற்றிப் பத்தடிக்குள் கடிபட்ட தூர்கள் இருக்கின்றனவா என்று கைலென்ஸோடு தேட வேண்டும். இலைநாக்கின் மயிர்வரிசையும் பருத்த அடியும் கதிர் இல்லாத நிலையில் உங்களுக்கு அங்கே உதவும். பக்கத்திலேயே கதிரோடு ஒரு சான்று இருப்பதால் அந்த ஒப்பீடு செல்லும்.

ஆடுகள் தின்பது மட்டுமே நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மயிர்க்கற்றைகள் செம்மறியின் உடம்பில் ஒட்டி ஊர் ஊராகப் போகின்றன. கிடை போட்ட காடுகளிலும் ஆட்டுத்தடங்களின் இரு பக்கத்திலும் இந்தப் புல் வரிசையாக வந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தேடுகிறவர் ஓர் ஆட்டுத்தடத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்ல உத்தி.

வாழிடக் குறிப்பில் குறைந்தது இவ்வளவும் இருக்க வேண்டும்: மண்ணின் நிறமும் தன்மையும், சரிவு எந்தத் திசை, தண்ணீர் தேங்குமா வடியுமா, கூட நிற்கும் மரமும் செடியும் எவை, மேய்ச்சல் எப்படி, ஒரு சதுர மீட்டருக்குள் எத்தனை தூர், அருகில் விதைத்து வளர்த்த தீவனப் பயிர் உண்டா.

வலையில் தேடுகிறவர்கள் இந்தப் புல்லைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கைகளைப் படிக்க நேரும். ஆஸ்திரேலியாவிலும், அமெரிக்காவின் அரிசோனாப் பாலையிலும் இது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பரவி, காட்டுத்தீக்கு எரிபொருளாகி, தீயைப் பழகாத அந்த நாட்டுச் செடிகளை அழித்துவருகிறது. அங்கே இதைப் பிடுங்கி ஒழிக்க இயக்கமே நடக்கிறது. அந்த எச்சரிக்கை அந்த நிலங்களுக்கு முற்றும் உண்மை. இங்கே இது பிறந்த மண்ணில், தன்னைத் தின்னும் கால்நடைகளோடும் பூச்சிகளோடும் சேர்ந்து வளர்ந்த புல். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நம் தரிசில் இதைக் களையென்று வெட்டிவிடக் கூடாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனெனில் அப்படி வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: சான்றும் படங்களும்

ஐயம் தீராதபோதும், புதிய இடத்தில் கண்டபோதும் ஒரு மாதிரி எடுத்துக்கொள்ளலாம். கதிர், இரண்டு இலை, அடிக்கணுவுடன் கூடிய ஒரே ஒரு தாளைத் தூரின் ஓரத்திலிருந்து பிரித்தால் போதும். நீளமாக இருந்தால் ஒடிக்காமல் இரண்டு மூன்றாக மடித்துச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான பலகையை ஏற்ற வேண்டும். முதல் மூன்று நாளும் செய்தித்தாளை மாற்ற வேண்டும். கார்த்திகை ஈரத்தில் மாற்றாமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். முற்றிய கற்றைகள் உதிர்ந்துவிடும் என்பதால் அவற்றைச் சிறு காகித உறையில் போட்டு அதே மாதிரியோடு இணைக்க வேண்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும், கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலும் உலர்தாவரச் சேகரங்கள் உள்ளன. முன் அனுமதி பெற்று அங்குள்ள மாதிரிகளோடு ஒப்பிடுவதற்கு நிகராக வேறு வழி இல்லை.

வல்லநாடு வெளிமான் சரணாலயம், கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ஆகிய இடங்களில் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது.

கைப்பேசிச் செயலிகளில் படம் போட்டுப் பெயர் கேட்பவர்கள் பெரும்பாலும் கதிரை மட்டும் வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்து அனுப்புகிறார்கள். அதை வைத்து மனிதராலும் சரியாகச் சொல்ல முடியாது. முழுத் தூரும் நிலமும் தெரியும் படம் ஒன்று, மண் விலக்கிய அடித்தூர் ஒன்று, மடக்கிய இலையின் நாக்கு ஒன்று, கதிர் அளவுகோலோடு ஒன்று, வெள்ளைத்தாளில் தனிக் கற்றையை லென்ஸ் வழியே அடிப்பக்கமாக எடுத்தது ஒன்று என்று ஐந்து படங்கள் வேண்டும். ஐந்தாவது படத்தை எடுக்கத்தான் பொறுமை தேவைப்படும். கைப்பேசியின் கண்ணாடியோடு லென்ஸை ஒட்டிப் பிடித்து, கற்றையை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் தெளிவு கிடைத்துவிடும்.

கடைசிப் படி: சித்திரையில் திரும்பிப் போதல்

கார்த்திகையில் அடையாளம் கண்ட தூர்களில் நான்கைந்தின் அருகே சுண்ணாம்பு தடவிய கல்லை எண்ணிட்டு வைத்துவிட்டு வர வேண்டும். சித்திரைக் கடைசியில், மண் வெடித்துக் கிடக்கும் நாளில், அதே இடத்துக்குப் போனால் சுற்றிலும் இருந்த ஓராண்டுப் புற்கள் காற்றில் போயிருக்கும். கல்லின் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு காய்ந்த குஞ்சம் மட்டும் நிற்கும். அதைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். வெளியுறைகள் சருகாக உதிரும். நடுவில், பருத்த அடிக்குள், வெண்பச்சையாக ஈரம் தெரியும். அந்த ஈரத்தைக் கண்ட நாளையும், கடைசியாக மழை பெய்த நாளையும் குறிப்பேட்டில் அந்தத் தூரின் எண்ணுக்கு நேரே எழுதிவிட்டால் அந்தப் பதிவு முழுமையாகும்.